ஷூவுக்கு இடது உண்டு, மவுஸுக்கு ஏன் இல்லை?

ஆம்பூரில் ஏதாவது ஒரு ஷூ கம்பெனியின் பேக்கிங் மேஜையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு டப்பாவிலும் இடது ஒன்று, வலது ஒன்று. தவறிப்போய் இரண்டு வலது ஷூ உள்ளே போய்விட்டால் வாங்கியவருக்கு அது ஒரு ஜோடியே இல்லை. காலுக்கு அவ்வளவு கவனம் எடுக்கும் தொழில் இது.

அதே கம்பெனியின் ஆபீஸ் ரூமுக்குள் வாருங்கள். இன்வாய்ஸ் அடிக்கிறவர், கணக்கு பார்க்கிறவர், கம்ப்யூட்டரில் டிசைன் வரைகிறவர் என எல்லோர் மேஜையிலும் மவுஸ் வலது பக்கம்தான். உலகில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். அவருக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

ஒரு நாளில் எட்டு மணி நேரம் கையில் பிடிக்கும் கருவி விஷயத்தில் அந்தப் பதில் போதாது. மாற்று வழி இருக்கிறது. அதில் ஒன்று, இடது கையால் இயக்கும் டிராக்பால் மவுஸ்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது?

காவேரிப்பாக்கத்தில் அரசுப் பள்ளியில் படித்த ஓர் இடதுகைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்பில்தான் அவர் கம்ப்யூட்டர் பழகினார். அதில் டச்பேட் நடுவில் இருக்கும். எந்தக் கையை வைத்தாலும் வேலை நடக்கும். அதனால் 'நான் இடதுகை' என்ற நினைப்பே அவருக்கு வந்திருக்காது.

படிப்பு முடிந்து ராணிப்பேட்டைக்கோ ஆம்பூருக்கோ பஸ் ஏறி வேலைக்குப் போகிறார். அங்கே டெஸ்க்டாப். மவுஸ் வைக்கும் பலகை மேஜையின் வலது பக்கம் அடித்திருக்கிறது. இடது பக்கம் ஃபைலும் சாம்பிள் ஷூவும் குவிந்து கிடக்கின்றன. முதல் நாளே அவர் வலது கைக்கு மாறுகிறார். புகார் எதுவும் சொல்வதில்லை. சோத்தாங்கை, பீச்சாங்கை என்று பிரித்துப் பேசும் ஊரில் வளர்ந்தவருக்கு, கையை மாற்றிக்கொள்வது சின்ன வயசிலிருந்தே பழக்கம்.

டிராக்பால்னா என்ன?

சாதாரண மவுஸை மேஜை மேல் நகர்த்த வேண்டும். டிராக்பால் வைத்த இடத்திலேயே இருக்கும். மேலே பதிந்திருக்கும் உருண்டையை விரலால் உருட்டினால் திரையில் அம்புக்குறி நகரும். உருண்டைக்குக் கீழே உள்ள சென்சார் அது எந்தப் பக்கம், எவ்வளவு சுழல்கிறது என்று படிக்கிறது.

இது புதுசும் இல்லை. 1946-இல் பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பணியாற்றிய ரால்ஃப் பெஞ்சமின் இதை உருவாக்கினார். 1952-இல் கனடா கடற்படையின் டேட்டார் திட்டத்தில் செய்த டிராக்பாலுக்கு பௌலிங் விளையாட்டுப் பந்தையே பயன்படுத்தினார்கள். டக்ளஸ் எங்கெல்பார்ட் தன் மவுஸை உலகத்துக்குக் காட்டியது 1968-இல்தான். 1991-இல் வந்த ஆப்பிள் பவர்புக் லேப்டாப்பில் உருண்டை கீபோர்டுக்குக் கீழே நட்டநடுவில் இருந்தது. வேலூரில் ஸ்கேன் எடுக்கப் போயிருந்தால் நீங்களே பார்த்திருக்கலாம். அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தில் டாக்டர் ஒரு கையால் உருட்டிக்கொண்டே இருப்பது இந்த உருண்டையைத்தான்.

இடது கைக்கு எது சரி?

டிராக்பாலில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் கட்டைவிரலால் உருட்ட வேண்டும். லாஜிடெக்கின் எர்கோ எம்575, எம்எக்ஸ் எர்கோ இந்த ரகம். இரண்டும் வலது கைக்கான வடிவம். இடது கையில் வைத்தால் உருண்டை சுண்டுவிரல் பக்கம் போய்விடும். ஆன்லைனில் 'டிராக்பால்' என்று தேடி முதலில் வருவதை ஆர்டர் போட்டு ஏமாறாதீர்கள். ஜப்பானின் எலிகாம் நிறுவனம் இடது கைக்கென்றே கட்டைவிரல் டிராக்பால் செய்கிறது.

இரண்டாவது வகையில் உருண்டை நடுவில் இருக்கும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உருட்டும். கென்சிங்டனின் ஆர்பிட், எக்ஸ்பர்ட் மவுஸ் இந்த ரகம். இரு கைக்கும் பொருந்தும். ஒரே மேஜையில் ஷிஃப்ட் மாறி உட்காரும் ஆபீஸுக்கு இதுதான் நல்ல தேர்வு.

என்ன லாபம்?

கீபோர்டின் வலது ஓரத்தில் நம்பர் பேட் இருக்கிறது. அதனால் வலது பக்க மவுஸ் இன்னும் தள்ளிப் போகிறது. கை ஒவ்வொரு முறையும் எட்டிப் பிடிக்க வேண்டும். இடது பக்கம் அந்தத் தடை இல்லை, கருவி உடம்புக்கு அருகில் இருக்கும். கணக்கு வேலை பார்ப்பவர் வலது கையால் எண்களை அடித்துக்கொண்டே இடது கையால் உருட்டலாம். வலதுகைக்காரர்களில் சிலர்கூட தோள் வலி வந்ததும் மவுஸை இடது பக்கம் மாற்றிக்கொள்வது இதனால்தான். நகர்த்த இடம் தேவையில்லை என்பதால் ஃபைல் குவிந்த மேஜைக்கும் டிராக்பால் தோது.

ஆனால் இதை வலி தீர்க்கும் மருந்து என்று நினைக்க வேண்டாம். மணிக்கட்டின் அசைவு குறையும், அதற்குப் பதில் விரல் அதிகம் உழைக்கும். கட்டைவிரல் மாடலில் அந்த விரலே வலிக்கத் தொடங்கலாம். ராத்திரியில் விரல் மரத்துப்போனால் மவுஸை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

முதல் வாரம் எப்படி?

இடது கையில் ஆள்காட்டி விரல் விழுவது வலது பட்டன் மேல். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ் என்று போய் 'பிரைமரி மவுஸ் பட்டன்' என்பதை 'ரைட்' என மாற்றுங்கள். இந்த மாற்றம் உங்கள் லாகினுக்குப் பொருந்தும். ஆகவே கம்ப்யூட்டரைப் பகிர்பவர்கள் தனித்தனி லாகின் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் அம்புக்குறியின் வேகத்தைக் குறைத்து வையுங்கள். இரண்டு நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். பழைய மவுஸையும் செருகியே வைத்து, அவசர வேலைக்கு அதை எடுங்கள். உருண்டை சிக்கிச் சிக்கி ஓடினால் வெளியே எடுத்து, அது உட்காரும் சின்னப் புள்ளிகளில் சேர்ந்த தூசியைத் துடைத்தால் போதும்.

"இதெல்லாம் ஒரு பிரச்னையா?"

கேட்கத்தான் செய்வார்கள். வலது கை மவுஸுக்குப் பழகி நிம்மதியாக வேலை பார்க்கும் இடதுகைக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். இடது கையால் குறிப்பு எழுதிக்கொண்டே வலது கையால் மவுஸ் ஓட்டுவது அவர்களுக்கு வசதியும்கூட. அவர்களை யாரும் மாறச் சொல்லவில்லை.

ஆனால் ஷூ வரலாற்றையே பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டிலும் ஐரோப்பாவில் இரண்டு காலுக்கும் ஒரே அச்சில் செய்த காலணிகள் சாதாரணம். போட்டவர்கள் பழகிக்கொண்டார்கள். பழகிவிட்டார்கள் என்பதால் அது காலுக்குப் பொருந்தியது என்று ஆகிவிடாது. இன்று அப்படி ஒரு ஷூவை ஆம்பூரில் யாராவது செய்வார்களா?

செலவு இன்னொரு கேள்வி. சாதாரண மவுஸ் சில நூறு ரூபாய், நல்ல டிராக்பால் சில ஆயிரம். எல்லோருக்கும் வாங்கச் சொல்லவில்லை. கேட்கிறவருக்கு வாங்கிக் கொடுங்கள் என்கிறோம். அதுவும் முடியாத இடத்தில் இருபக்கமும் ஒரே மாதிரி இருக்கும் மவுஸ், இடது பக்கம் எட்டும் அளவு வயர், அதை வைக்கக் கொஞ்சம் இடம். இதற்குப் பெரிய செலவே இல்லை.

புதிதாக ஒருவர் வேலைக்குச் சேரும்போது ஐடி கார்டுக்கு ரத்த வகை கேட்கிறோம், யூனிஃபார்முக்கு அளவு கேட்கிறோம். அதே படிவத்தில் 'எந்தக் கை?' என்று ஒரு வரி சேர்க்கலாம். பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் ஆசிரியரும் அதே கேள்வியைக் கேட்கலாம். ஆபீஸ் கேட்காவிட்டால், நீங்களே முதல் நாளில் சொல்லிவிடுங்கள்.