தலை கொண்டு வந்தவன் தலைவனா?

“கொன்றுவிடு அவனை!”

தந்தையின் ஆணை இது. யாரைக் கொல்ல? படையெடுத்து வந்த பகைவனையா? அல்ல, பெற்ற பிள்ளையை! ஆணையை ஏற்க நிறுத்தப்பட்டவன் யார்? கூலிக்குக் கொலை செய்பவனா? அல்ல, அந்தப் பிள்ளையின் உடன்பிறந்த அண்ணன்! இளையவன் இழைத்த குற்றந்தான் என்ன? களவா? கொலையா? காட்டிக்கொடுத்தலா? எதுவுமில்லை. அவன் மெலிந்தவன், உயரம் குன்றியவன், கூட்டத்தின் பெயருக்கு இழுக்கு. குற்றப்பத்திரிகை அவ்வளவே. தீர்ப்போ, தலை!

2025ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘பிரிடேட்டர்: பேட்லேண்ட்ஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் இப்படித்தான் தொடங்குகிறது. இயக்கியவர் டான் டிராக்டன்பர்க். பிற கோள்களுக்குப் பறந்து சென்று, அங்குள்ள வலியோரைக் கொன்று, மண்டையோடுகளை மாளிகையில் மாட்டி மகிழும் யவுட்ஜா என்னும் வேட்டையர் கூட்டம் ஒன்று, 1987 முதல் அமெரிக்கத் திரையில் உலவி வருகிறது. அக்கூட்டத்தாரில் ஒருவனையே கதைத்தலைவனாக்கி, அவன் கண்ணால் நம்மைக் காணச் செய்திருப்பது இந்தப் படத்தின் புதுமை. அவன் பெயர் டெக். குலத்தால் தள்ளப்பட்டவன், தந்தையின் ஆணைக்குத் தப்பியவன், முடிவில் தந்தையையே எதிர்த்து நின்றவன். எனவே அவனைப் புரட்சியாளன் என்று போற்றுகின்றனர் நம் இளைஞர்கள். அரங்கில் கைதட்டல் அதிர்கிறது. நானும் தட்டினேன், மறைப்பானேன்?

(விண்வெளிக் கதையெல்லாம் நமக்கு எதற்கு என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பேயும் பிசாசும் வந்தால் பக்தியோடு பார்ப்பார்கள். வேற்றுக்கோளினன் வந்தால் மட்டும் பகுத்தறிவு பிறந்துவிடும் அவர்களுக்கு!)

தட்டிய கையைத் தடுத்து நிறுத்தியவன் ஒரு சிறுவன். நான் பாடஞ்சொல்லும் ஒன்பதாம் வகுப்பில், கடைசி வரிசையில் அமர்பவன். தேர்வுத்தாளில் எண்கள் குறைந்தே பெறுபவன். படம் பார்த்து வந்த மாணவர்கள் டெக்கின் வீரத்தை விண்ணளாவப் புகழ்ந்துகொண்டிருக்கையில், அவன் மெல்ல எழுந்து கேட்டான்: “சார், அவன் ஒண்ணுமே ஜெயிக்காம வெறுங்கையோட திரும்பியிருந்தா? அவங்க அப்பா சொன்னது சரின்னு ஆயிருக்குமா?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடையும் வரவில்லை. அந்த விடையைத் தேடியே இதனை எழுதுகிறேன்.

கதையைப் பார்ப்போம். குவெய் என்னும் அந்த அண்ணன் தம்பியைக் கொல்ல மறுக்கிறான். கப்பலுக்குள் தள்ளிப் பூட்டி, கென்னா என்னும் கொடுங்கோளுக்கு அனுப்பிவிட்டுத் தந்தையின் வாளுக்குத் தன்னையே தருகிறான். கென்னாவில் கலிஸ்க் என்றொரு மாவிலங்கு உண்டு. எவராலும் கொல்ல முடியாதது. தந்தை இன்ஜோரே அஞ்சுவது. அதன் தலையைக் கொணர்ந்தால் குலத்தில் இடம் கிடைக்கும், ஒளியை ஏய்த்து உருவத்தை மறைக்கும் வேட்டையனின் மறைப்பாடையும் கிடைக்கும் என்பது டெக்கின் கணக்கு.

சிந்தித்துப் பாருங்கள், தோழர்களே! தன்னைக் கொல்லச் சொன்னவனிடம் நற்சான்றிதழ் வாங்குவதற்காகக் கோள்விட்டுக் கோள் பாய்கிறான் இந்தப் ‘புரட்சியாளன்’. “மெலிந்தவன் சாக வேண்டும்” என்பது சட்டம். “சட்டம் கொடிது” என்றானா? இல்லை. “நான் மெலிந்தவனல்லன்” என்கிறான். இரண்டுக்கும் எவ்வளவு தொலைவு! முன்னது சட்டத்தின் மீது தொடுக்கும் வழக்கு. பின்னது சட்டத்தின் காலடியில் வைக்கும் கருணை மனு.

அங்கே தியா என்னும் எந்திரப் பெண்ணைச் சந்திக்கிறான். வேலண்ட்-யூட்டானி என்ற வாணிகக் கும்பினி உருவாக்கி அனுப்பிய செயற்கை மனிதப் பிறவி அவள். கலிஸ்க் அவளை இரண்டாகக் கிழித்துவிட்டது; இடுப்புக்குக் கீழே எதுவுமில்லை. எனினும் பேச்சு குறையவில்லை, சிரிப்பு குறையவில்லை. அவளைக் ‘கருவி’ என்று பெயரிட்டு முதுகில் கட்டிச் சுமக்கிறான் டெக், ஏனெனில் பிற உயிரின் துணையைப் பெறுவது வேட்டையனுக்கு இழுக்காம். கருவியைப் பயன்படுத்தினால் இழுக்கில்லையாம்! நட்பைக் கருவியென்று பெயர் மாற்றி உள்ளே விடும் இந்தச் சாத்திரச் சூழ்ச்சி எனக்குப் புதிதாகப் படவில்லை.

ஓநாய்க் கூட்டத்தை அவனுக்கு எடுத்துக்காட்டுகிறாள் தியா. ஆல்பா எனப்படும் தலைமை ஓநாய், அதிகம் கொல்வதன்று, கூட்டத்தை நன்கு காப்பது என்று. கேட்கச் சுவையான பேச்சு. ஆனால், பாதி அறிவியல். ருடால்ஃப் ஷெங்கல் என்பார் 1947இல், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கண்டு எழுதியதிலிருந்து கிளைத்த கருத்து இது. அதனை உலகெங்கும் பரப்பியது டேவிட் மெக் என்னும் அமெரிக்க அறிஞர் 1970இல் எழுதிய நூல். அதே மெக், கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் 1998 வரை கோடைதோறும் காட்டு ஓநாய்களோடு தங்கிக் கண்டது என்ன? அடிதடியில் அரியணை ஏறிய அரசன் எவனுமில்லை; அங்கிருந்தது ஒரு தாய், ஒரு தந்தை, அவற்றின் குட்டிகள். குடும்பம், அவ்வளவே! 1999இல் அதனை வெளியிட்டார். தம் பழைய நூலை இனி அச்சிடாதீர் என்று பதிப்பகத்தாரைப் பன்முறை வேண்டி, 2022இல் அதனை நிறுத்தவும் செய்தார். தம் புகழுக்குக் காரணமான நூலையே தவறென்று கண்டதும் தடுத்து நிறுத்திய அந்த அறிஞரல்லவா குலச்சட்டத்தை உடைத்தவர்! படமோ ‘தலைமை’ என்ற சொல்லைக் கைவிட மனமின்றி, அதற்குக் ‘காவல்’ என்று புதுச்சாயம் பூசித் தருகிறது. கொல்பவன் தலைவனாயிருந்தான், இனிக் காப்பவன் தலைவன். தலைவன் எதற்கு என்ற கேள்வி எழவேயில்லை.

படத்தின் நல்ல நேரத்தையும் சொல்லிவிடுகிறேன்; சொல்லாவிடின் நான் நேர்மையற்றவனாவேன். வழியில் ஒட்டிக்கொண்ட ‘பட்’ என்னும் சிறு விலங்கு, அந்தக் கலிஸ்கின் குட்டி என்று தெரிய வருகிறது. தான் தேடி வந்தது அரக்கனையன்று, ஒரு தாயை என்று டெக் உணர்கிறான். கும்பினியோ அத்தாயைப் பிடித்துக்கொண்டு போய் அறுத்து ஆராய்ந்து ஆதாயம் காணத் துடிக்கிறது. டெக் வேட்டையைக் கைவிட்டு அவளை விடுவிக்கத் துணிகிறான். அந்தச் சில நிமிடங்களில் அவன் உண்மையிலேயே குலத்தை மீறியவன். வெற்றிப்பொருள் வேண்டாம் என்கிறான். வேட்டையன் வேட்டையை மறுத்துவிட்டான்! அங்கே படம் முடிந்திருக்குமானால், நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். என் மாணவனுக்கும் விடை கிடைத்திருக்கும்.

முடியவில்லையே! கும்பினியின் ஊழியையான டெஸ்ஸா, தியாவுக்கு உடன்பிறப்புப் போன்ற மற்றோர் எந்திரப் பெண். இருவரையும் ஒரே நடிகை, எல் ஃபேனிங், நடித்திருக்கிறார். ஆகவே ஒரே முகம். அந்த டெஸ்ஸாவை வென்று, அவள் மண்டையோட்டை ஏந்திக்கொண்டு தந்தையின் முன் போய் நிற்கிறான் டெக். நெஞ்சு பொறுக்குதா? முதுகில் சுமந்த தோழியின் முகம் படிந்த மண்டையோடு! அதுதான் காணிக்கை. தந்தை ஏற்க மறுக்கிறான், வாள்கள் மோதுகின்றன, டெக் வீழ்த்துகிறான், வளர்ந்துவிட்ட பட் கிழவனின் கதையை முடித்து வைக்கிறது. இதுவே என் குலமென்று தியாவையும் பட்டையும் அருகில் நிறுத்திக்கொள்கிறான் டெக்.

மகுடம் இடம் மாறிற்று, மண்டையோடு மாறவில்லை! தலை கொண்டு வந்தால் தகுதி, வாள்முனையில் வழக்கு, வென்றவன் வாயில் நீதி என்ற சட்டத்தில் ஒரு வரியாவது அழிந்ததா? நாளை அந்தக் குலத்தில் இன்னொரு மெலிந்த குழந்தை பிறக்கும். அதற்கு அண்ணன் இல்லாமற் போகலாம், கப்பல் கிடைக்காமற் போகலாம், கென்னாவில் நட்பு வாய்க்காமற் போகலாம். அதன் கதி என்ன?

வெள்ளித்திரை வேடிக்கைக்கு இத்துணை வினாவா என்பீர்கள். கேளுங்கள். மெலிந்தோரைக் களைந்து இனத்தை மேம்படுத்தலாம் என்ற கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டியவர், பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர். 1907இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் கட்டாயமாக மலடாக்கச் சட்டம் செய்தது. 1927இல் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த கேரி பக் என்ற ஏழை இளம்பெண்ணின் வழக்கில், அறிவு குன்றியவளென்று கூறி அவளை மலடாக்குவது முறையே என அந்நாட்டின் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஒரு பக்கம்! இட்லரின் செருமனி 1933இல் தன் சட்டத்தைச் செய்தது. 1939இல் தொடங்கிய நோயாளர் கொலைத்திட்டத்தில், 1941 ஆகஸ்டுக்குள் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நச்சுப்புகைக் கூடங்களில் மாண்டனர். இன்ஜோர் வேற்றுக்கோளில் பிறந்தவனல்லன், தோழர்களே. வெள்ளைச் சட்டையும் மருத்துவர் பட்டமும் அணிந்து இந்தப் பூமியிலேயே நடமாடியவன்.

கேரி பக்கின் மகள் விவியன், கைக்குழந்தையாய் இருக்கும்போதே குறையுள்ளவளென்று முத்திரை குத்தப்பட்டவள். அவள் பள்ளிக்குப் போனாள்; 1931இல் நன்மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள்; அடுத்த ஆண்டு, எட்டு வயதில், நோயால் மாண்டாள். இந்தச் செய்தியை நான் வகுப்பில் வெற்றிக்களிப்போடு சொல்வது வழக்கம். “பார்த்தீர்களா, நீதிபதிகளின் முகத்தில் கரி!” என்பேன். கடைசி வரிசைச் சிறுவன் கேட்டபின் அந்தக் களிப்பு என் தொண்டையில் முள்ளாய் நிற்கிறது. விவியன் பட்டியலில் இடம்பெறாதிருந்தால்? எல்லாப் பாடத்திலும் தோற்றிருந்தால்? தீர்ப்புச் சரியாகியிருக்குமா? நானும் அல்லவா மண்டையோடு கேட்டிருக்கிறேன்! எலும்பாலானதற்குப் பதில் எண்களாலானது, வேறுபாடு அதுதான்.

இதே வரிசையில் 2018இல் ஷேன் பிளாக் இயக்கிய ‘தி பிரிடேட்டர்’ படமும் இந்தக் குழியில்தான் விழுந்தது. அங்கும் ஓர் ஓடுகாலி வேட்டையன். தன் இனத்தைப் பகைத்து, மனிதருக்கு உதவப் பறந்து வருகிறான். அவனுக்குப் பெயர்கூட இல்லை. தன் நெஞ்சைத் திறந்து ஒரு சொல் பேச வாய்ப்புமில்லை. பாதியிலேயே, அவனினும் பெரியவனொருவன் வந்து அடித்துக் கொல்கிறான். அவன் நமக்குக் கொணர்ந்த பரிசு என்ன? பேழையைத் திறந்தால் உள்ளே ஒரு கொலைக்கவசம்! வேட்டையரையும் வெல்லும் வேட்டைக்கருவி! குலத்தைத் துறந்தும் அதன் குணத்தைத் துறக்கவில்லை அவன். ஆட்டிசம் உள்ள சிறுவனொருவனும் அப்படத்தில் உண்டு; அவன் வருங்கால மனித வளர்ச்சியின் அடுத்த படி என்று சொல்லி அவனை உயர்த்துகிறார்கள். வெறும் சிறுவனாக இருந்தால் போதாதா? வியத்தகு திறன் இருந்தால்தான் காப்பாற்றத் தகுந்தவனா? உயர்த்துவதுபோல் உயர்த்தி, அதே பழைய தராசில் அல்லவா நிறுத்தினார்கள்!

இந்த வேட்டையர் நெறியில் மயங்குவோர் ஒன்று சொல்வர்: “கையில் படைக்கருவி இல்லாதவரை அவர்கள் கொல்வதில்லையே!” உண்மைதான். 1987ஆம் ஆண்டுப் படத்தில் படையின்றி நின்ற அன்னா என்ற பெண்ணை வேட்டையன் விட்டுவிடுகிறான். இரக்கத்தாலா? இல்லை, எதிர்க்க இயலாதவளைக் கொன்றால் வேட்டையில் சுவையில்லை, மாட்டிவைக்கும் மண்டையோட்டுக்கு மதிப்பில்லை! வெளியாரிடத்தில் மெலிந்தவரைத் தொடாதே என்பார்களாம்; சொந்த வீட்டில் மெலிந்தவனை வெட்டென்பார்களாம். இரண்டையும் ஒரே குலத்தின் மாண்பென்று வேறு கொள்ள வேண்டுமாம் நாம்!

ஆகவே, டெக்குக்கு நாம் தட்டிய கையை வேறொருவனுக்குத் தட்டியிருக்க வேண்டும். சில மணித்துளிகளே திரையில் வாழ்ந்த குவெய்! அவன் மெலிந்தவனல்லன், சட்டம் அவனை ஒன்றும் செய்யாது. தந்தையின் நன்மதிப்பு அவனுக்கு இருந்தது, மறைப்பாடை இருந்தது, நாளைய தலைமையும் கைக்கெட்டியிருக்கும். வாளை ஒருமுறை ஓங்கினால் போதும். ஓங்கவில்லை. தம்பி ஏதேனும் செயல் முடித்து வந்தபின் காத்தவனல்லன் அவன்; கலிஸ்கும் கென்னாவும் வெறும் பேச்சாயிருந்த நேரத்தில், ஒன்றும் நிறுவாத தம்பிக்காக நின்றான். படமோ அவனைத் தொடக்கத்திலேயே புதைத்துவிட்டு, அவன் சாவைத் தம்பியின் பழிவாங்கலுக்கு எரிபொருளாக்கிக்கொண்டது.

திங்களன்று வகுப்புக்குப் போய் அந்தச் சிறுவனிடம் சொன்னேன்: “இல்லையப்பா, சரி ஆகியிருக்காது. வெறுங்கையோடு வந்திருந்தாலும் அந்தத் தந்தை சொன்னது தவறுதான்.” அவன் தலையாட்டினான். பிறகு, “அப்போ அவங்க அண்ணனுக்கு மட்டும் அது எப்படி சார் தெரிஞ்சுது?” என்றான்.

படத்தின் இறுதியில் வானில் ஒரு கப்பல் வருகிறது. யாரென்று கேட்கிறாள் தியா. “என் அன்னை” என்கிறான் டெக். அந்த அன்னைக்கு இரு பிள்ளைகள். கப்பலிலிருந்து இறங்கியதும் அவள் எந்தப் பிள்ளையைப் பற்றி முதலில் கேட்பாள் என்பதை அறிய, அடுத்த படத்துக்கும் நான் நுழைவுச்சீட்டு வாங்கத்தான் போகிறேன்.