வீக்எண்டில் கடல் மீன்பிடிப்பு: போகலாம், ஆனா சித்திரையில் வேண்டாம்!

எங்கள் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒரு ரீல் வந்து விழுந்தது. ஃப்ளோரிடா பக்கம் ஏதோ ஒரு கடல். வாடகைப் படகில் நான்கு பேர். தன் இடுப்பு உயரத்துக்கு ஒரு மீனை இழுத்துப் போட்டு, கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துவிட்டு, திரும்பத் தண்ணீரில் விடுகிறார்கள். அதற்குக் கீழேயே பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பனின் மெசேஜ்: "மச்சான், மே 1 லீவுக்கு பாண்டி போறோம். படகு பேசிக்கலாம். தூண்டில் என் செலவு." ஐந்து நிமிஷத்தில் ஏழு தம்ஸ்-அப்.

திருவண்ணாமலைக்காரங்களுக்குக் கடல்னா பாண்டிதான். செஞ்சி, திண்டிவனம் வழியா வண்டியை விட்டா ரெண்டரை மணி நேரம். மீன்பிடிப்பு என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஏரியும் சாத்தனூர் அணையும்தான். அதனால் அந்தத் தேதியில் என்ன பிரச்னை என்று குரூப்பில் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைத்திருக்காது, இந்த டெஸ்க்கில் வேலை பார்க்காமல் இருந்திருந்தால்.

பிரச்னை இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரை முழுக்க மீன்பிடித் தடைக்காலம். பாண்டிக்கும் அதே தேதிதான். தமிழ்நாட்டில் 2001-ல் 45 நாட்களாக ஆரம்பித்த தடை இது. 2017-லிருந்து 61 நாட்கள். மீன்கள் முட்டையிட்டுப் பெருகக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கணும் என்பதுதான் காரணம். எல்லா மீனும் இந்த இரண்டு மாசத்தில்தான் முட்டையிடுதா என்றால், இல்லை. தேதியை மாற்றச் சொல்லிக் கேட்கும் மீனவர்களும் இருக்கிறார்கள். அது நியாயமான விவாதம்தான். ஆனா இப்போதைக்கு விதி இது.

சரி, அப்போ மே மாசம் நம்ம ஊர் மார்க்கெட்டுக்கு வரும் வஞ்சிரம் எங்கேயிருந்து வருகிறது? மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1-ல்தான் ஆரம்பிக்கும். அதனால் அந்தப் பக்கத்து மீன் லாரி ஏறி வந்துவிடும். விலை கேட்டால் கையைச் சுடும். பாதிப் பேர் அணை மீனுக்கு, கட்லாவுக்கும் ஜிலேபிக்கும், மாறிவிடுவார்கள். தடைக்காலம் என்பது நம்மைப் போன்ற உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலைப் பலகை மட்டும்தான்.

படகு கிடைக்குமா?

கிடைக்கும். அதுதான் சங்கடமே.

தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான். கட்டுமரம், நாட்டுப்படகு, ஃபைபர் படகு இதில் வராது. கரையோரம் வலை போட்டு அன்றாடம் பிழைப்பவர்களின் வயிற்றில் அடிக்கக்கூடாது என்பதற்காக வைத்த விலக்கு அது. சாதாரண நாட்களில்கூட கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அந்தப் பட்டை நாட்டுப்படகுக்காரங்களுக்கு ஒதுக்கப்பட்டது.

இப்போ நம்ம பிளானைப் பாருங்கள். ஒரு ஃபைபர் படகுக்காரரிடம் போய், "அண்ணே, எட்டுப் பேர், ஒரு நாள்" என்று கேட்கிறோம். அவருக்கும் காசு முடை, சரி என்கிறார். ஏழை மீனவருக்காக வைத்த விலக்கில் ஏறி உட்கார்ந்து, பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கப் போகிறோம். அதே கரையில் விசைப்படகில் வேலை செய்பவர் இரண்டு மாசம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மாசச் சம்பளம் கிடையாது. கடலுக்குப் போனால்தான் பங்கு. அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு ரூ.8,000. 61 நாளால் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131 ரூபாய் வரும். நம்ம ஒரு ஆள் தூண்டிலுக்கு ஆன்லைனில் ஆர்டர் போடும் செயற்கை இரை ஒன்றின் விலைக்கு இது போதாது.

இதைச் சொன்னதும் குரூப்பில் வந்த பதில்: "நாங்க பிடிச்சுட்டு விட்டுடுவோம்டா. ஒண்ணும் சாகாது."

விட்டால் பிழைக்குமா?

கரையோர மீனை வேகமாக இழுத்து, ஈரக் கையோடு தூண்டில் முள்ளைக் கழற்றி, சில நொடிகளில் விட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். முகத்துவாரம், அலையாத்திக்காடு, உப்பங்கழி மாதிரி இடங்களில் கொடுவா, செப்பிலி பிடிப்பது இந்த வகை. இதைத்தான் 'இன்ஷோர்' என்கிறார்கள். வஞ்சிரம், சூரை, மயில் மீன் என்று வெளிக்கடலுக்குப் போனால் 'ஆஃப்ஷோர்'. அங்கே கதை வேற. பாறைகளுக்கிடையே ஆழத்தில் கிடக்கும் களவாவை, சங்கராவை மேலே இழுக்கும்போது அழுத்தம் சடாரென்று குறைந்து, அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை பலூன் மாதிரி ஊதிவிடும். கண் பிதுங்கும், இரைப்பை வாய் வழியாக வெளியே வரும். அதைத் தண்ணீரில் விட்டால் கீழே நீந்திப் போக முடியாமல் மல்லாந்து மிதக்கும், பறவைக்கோ சுறாவுக்கோ சாப்பாடாகும். போட்டோவில் அது தெரியாது. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவில் பாறை மீன் பிடிக்கிறவர்கள், ஊதிய மீனைத் திரும்ப ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ படகில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் சட்டமே அமலுக்கு வந்தது. "பிடிச்சா விட்டுடுவோம்" என்பது அவ்வளவு சுலபமில்லை.

அந்த ரீலில் தெரியாத இன்னொரு விஷயமும் இருக்கு. அங்கே படகை வாடகைக்கு எடுப்பது ஒரு முழுத் தொழில், பெயர் 'சார்ட்டர்'. வசந்த காலத்தில் தண்ணீர் சூடாக ஆரம்பித்ததும் மீன்கள் கூட்டமாகக் கரைப்பக்கம் நகரும், படகுக்காரர்களுக்கு அதுதான் சீசன். ஆனால் கேப்டனிடம் கடலோரக் காவல் படை கொடுத்த லைசென்ஸ் இருக்க வேண்டும். அடிப்படை லைசென்ஸில் காசு கொடுக்கும் பயணிகள் ஆறு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. எந்த மீன், எத்தனை அங்குலம், ஆளுக்கு எத்தனை என்று கணக்கு வேறு. ஃப்ளோரிடாவில் சார்ட்டர் படகின் கேப்டன் தன் பங்குக்கு ஒரு ஸ்நூக் மீனைக்கூட எடுத்து வைத்துக்கொள்ள முடியாது.

மேரிலாந்து மாநிலத்தின் செசபீக் வளைகுடா உதாரணம்தான் எனக்குப் பெரிசாப் பட்டது. அங்கே 'ஸ்ட்ரைப்டு பாஸ்' என்ற மீன் வசந்தத்தில் முட்டையிடக் கடலிலிருந்து ஆறுகளுக்குள் வரும். அந்தப் பெரிய மீனைப் பிடிக்க மே மாசம் ஒரு தனி சீசனே நடந்தது. சார்ட்டர் படகுகளுக்கு அது தீபாவளி மாதிரி. குஞ்சுகளின் எண்ணிக்கை வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்ததும், 2024-ல் அந்த சீசனையே ரத்து செய்தார்கள். கோடையில் ஆளுக்கு ஒரு மீன்தான், அதுவும் 19 முதல் 24 அங்குலத்துக்குள் இருக்கணும். அதைவிடப் பெரிய மீன்தான் நிறைய முட்டையிடும் தாய் மீன், தொடக் கூடாது. படகுக்காரங்க எதிர்த்தார்கள், வருமானம் போச்சு என்றார்கள். அப்படியும் சீசன் போனது போனதுதான்.

நாம ரீலைப் பார்த்து தூண்டிலை மட்டும் இறக்குமதி செய்கிறோம்.

அப்போ இங்கே வேண்டவே வேண்டாமா?

வேண்டும் என்பதுதான் என் கருத்து. அந்தமானில் பெரிய பாறை மீனைப் பிடித்து விடுவதற்கென்றே வெளிநாட்டுக்காரர்கள் பறந்து வருகிறார்கள். இங்கேயும் சென்னை, பாண்டி, ராமேஸ்வரம் பக்கம் தூண்டிலோடு திரியும் இளைஞர்கள் பெருகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு மீனவருக்கு, டீசல் செலவு போக ஒன்றும் மிஞ்சாத நாளில், ஆறு பேரைக் கூட்டிப் போய் கௌரவமாகக் காசு பார்க்க முடியும் என்றால் அதைத் தடுக்க நாம் யார்? எங்கே மீன் நிற்கும், எந்தக் காற்றுக்கு வெளியே போகக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ரிசார்ட் கம்பெனி வந்து அவரையே கூலிக்கு வைத்துக்கொள்வதற்கு முன்னால், இந்தத் தொழில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்குப் போக வேண்டும்.

ஆனால் மீன்பிடிப் படகுக்குக் கொடுக்கும் உரிமம் மீன் பிடிக்கத்தான், காசு வாங்கி ஆள் ஏற்றுவதற்கு இல்லை. இதைக் கறாராகச் சொல்லக் காரணம் இருக்கு. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2017 பிப்ரவரியில் மணப்பாடு கடலில் மறுபடியும் சுற்றுலாப் பயணிகள், மறுபடியும் படகு கவிழ்ந்து உயிர்ப்பலி. ஒவ்வொரு முறையும் சில வாரம் கெடுபிடி, அப்புறம் பழைய கதை. யார், எந்தப் படகில், எத்தனை பேரை, எந்த மாசத்தில் கூட்டிப் போகலாம் என்று விதி எழுதாத வரைக்கும் படகுக்காரர் பயந்து பயந்து ஏற்றுவார், நாம லைஃப் ஜாக்கெட் கேட்காமல் ஏறுவோம்.

விதி எழுதினால் மாசம் தேர்ந்தெடுப்பது கஷ்டமில்லை. நம்ம கடலுக்கு அமெரிக்கா மாதிரி வசந்தம் கிடையாது, மழைக்காற்றுதான் காலண்டர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தை முதல் பங்குனி வரை கடல் ஓரளவு அமைதியா இருக்கும். அந்த மூணு மாசம் திறந்துவிடட்டும். ஏப்ரல் 15 வந்துவிட்டால் பொழுதுபோக்குத் தூண்டிலும் விசைப்படகோடு சேர்ந்து கரை ஏறட்டும். சீசனில் தூண்டில்காரர்களிடம் ஒரு கட்டணம் வாங்கி, அதைத் தடைக்கால நிவாரணத்தில் சேர்த்தால் நான் முதல் ஆளாகக் கட்டுவேன். எட்டாயிரம் போதாது என்று மீனவர்கள் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

குரூப்பில் இதையெல்லாம் வாய்ஸ் நோட்டாகப் போட்டேன், நாலரை நிமிஷம். இரண்டு பேர்தான் கேட்டார்கள். பெங்களூர்க்காரன் மட்டும் தேதியை மாசி மாசத்துக்கு மாற்றிவிட்டு, "ஆறு பேர்தான்னா, எந்த ரெண்டு பேரைக் கழட்டி விடறது?" என்று கேட்டிருக்கிறான். சண்டை இன்னும் ஓடுது.