செம்பனைத் தோட்டத்தில் ரைபிளும் ஸ்கோப்பும்: வாங்க நினைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது

நம் இளைஞர்களின் கைப்பேசிகளில் வேட்டைக் காணொளிகள் நிறைய ஓடுகின்றன. அலாஸ்காவில் மூஸ் மான், ஆப்பிரிக்காவில் காட்டெருமை, டெக்சசில் இரவு நேரப் பன்றி வேட்டை. சுடுபவர் கையில் நீண்ட ரைபிள், அதன் மேல் பளபளக்கும் ஸ்கோப். பார்த்துவிட்டுத் தோட்டப்புறத்திலும் கேள்வி எழுகிறது: நம் ஊர்ப் பன்றிக்கு எந்த ரைபிள் சரி? எந்த ஸ்கோப் பொருத்தலாம்? இணையத்தில் விற்கும் காற்றுத் துப்பாக்கியே போதுமா?

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. நட்டு ஆறு மாதம்கூட ஆகாத செம்பனைக் கன்றுகளை ஒரே இரவில் பன்றிக் கூட்டம் குருத்தோடு தின்றுவிட்டுப் போயிருக்கும். விடிந்ததும் அதைப் பார்த்தவருக்கு வரும் கோபம் நியாயமானது. சிறு தோட்டக்காரருக்கு ஒரு கன்று போனால் மூன்று ஆண்டு உழைப்பு போன மாதிரி. ஆனால் காணொளி தரும் விடை நம் சட்டத்துக்கும் பொருந்தாது, நம் நிலத்துக்கும் பொருந்தாது. ஏன் என்று பார்ப்போம்.

பெரிய விலங்குக்குப் பெரிய துப்பாக்கி

வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் ரைபிளைத் தேர்ந்தெடுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தோட்டா உள்ளே ஆழமாகப் போய் நெஞ்சுக்கூட்டில் உள்ள இதயத்தையும் நுரையீரலையும் எட்ட வேண்டும். மான், காட்டுப்பன்றி போன்றவற்றுக்கு 308 வின்செஸ்டர் ரகம் போதும். ஏறக்குறைய 10 கிராம் தோட்டா, வினாடிக்கு 850 மீட்டர் வேகம். யானை, ஆப்பிரிக்கக் காட்டெருமை என்றால் 1912இல் அறிமுகமான 375 ரகம் வேண்டும். அதன் தோட்டா ஏறக்குறைய இரு மடங்கு கனம். ஆபத்தான விலங்குகளுக்கு இதற்குக் குறைந்த துப்பாக்கி கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் விதியே இருக்கிறது.

அனுபவசாலிகள் இன்னொன்றும் சொல்வார்கள். துப்பாக்கி பெரிதாகப் பெரிதாகத் தோளில் விழும் இடியும் பெரிதாகும். இடிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவர் கையில் 375 இருந்து என்ன பயன்? விலங்கு சாகாமல் காயத்தோடு ஓடும். ஆகவே தன்னால் அடக்கிச் சுட முடிந்த துப்பாக்கிதான் நல்ல துப்பாக்கி.

இதெல்லாம் அந்த நாடுகளில் சரி. நம் காட்டில் யானை, செலாடாங், புலி, தாப்பிர் ஆகிய பெரிய விலங்குகள் எல்லாம் முழுப் பாதுகாப்பில் உள்ளவை. மான், கேளையாடு வேட்டைக்கு உரிமம் தருவதும் தீபகற்பத்தில் 2009இல் நிறுத்தி வைக்கப்பட்டது. தோட்டத்துக்காரர் பேச்சில் மிஞ்சுவது காட்டுப்பன்றி ஒன்றுதான். அதைச் சுடுவதற்கும் உரிமம் வேண்டும்.

இரண்டு இலாகா, இரண்டு உரிமம்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். துப்பாக்கி வைத்திருக்க ஒரு உரிமம், வேட்டையாட இன்னொரு உரிமம். முதலாவது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் மாநிலக் காவல் துறைத் தலைவர் தருவது. இரண்டாவது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தான் தருவது. ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் குற்றம். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனி வனவிலங்குச் சட்டங்கள் உண்டு. இங்கே சொல்வது தீபகற்ப நிலவரம்.

பயிரைக் காக்க என்று பொதுமக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஷாட்கன், அதாவது தோட்டப்புறத்தில் செனாப்பாங் பாத்தா என்று சொல்லும் மடக்குத் துப்பாக்கி. ரைபிள் உரிமம் மிக அரிது. ஆகவே 308 வாங்கலாமா, வேறு வாங்கலாமா என்ற விவாதம் நம்மில் பெரும்பாலோருக்கு வெறும் பேச்சுதான்.

காற்றுத் துப்பாக்கி விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். மருந்தில்லை, வெடியில்லை, விளையாட்டுச் சாமான்தானே என்று நினைத்து இணையத்தில் வாங்கிவிடுகிறார்கள். ஆயுதச் சட்டத்தின் விளக்கத்திலேயே காற்றுத் துப்பாக்கி ஆயுதம் என்று சேர்க்கப்பட்டிருக்கிறது. உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, வெ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும். சுடுகருவிகள் தொடர்பான 1971ஆம் ஆண்டுக் கடுந்தண்டனைச் சட்டத்தில் குற்றம் சாட்டினால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஒரு பன்றிக்காக ஒரு குடும்பம் இத்தனையும் தாங்க வேண்டுமா?

உரிமம் ஆளின் பேரில் வருவது. மாமாவின் துப்பாக்கியை மருமகன் ஒரு இரவுக்கு இரவல் வாங்கிப் போகலாம் என்பது கிடையாது. சுட்ட இறைச்சியை விற்பதற்கும் தனி அனுமதி வேண்டும். கம்பிக் கண்ணி வைப்பதற்கோ எந்த உரிமமும் இல்லை. அது முற்றிலும் தடை. கண்ணிக்குப் பன்றி எது, புலி எது என்று தெரியாது.

நான்கைந்து மரத் தூரம்

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நிலத்தைப் பார்ப்போம். செம்பனை முக்கோண நடவில் மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர். ஷாட்கன்னில் பெரிய ரவைத் தோட்டா நம்பத்தக்கபடி வேலை செய்வது 30, 40 மீட்டருக்குள். அதாவது நான்கைந்து மரத் தூரம். அதற்கு மேல் ரவைகள் விரிந்து எங்கெங்கோ போகும். விலங்கைக் கொல்லும் பலம் குறைந்தாலும் மனிதனைக் காயப்படுத்தும் பலம் இன்னும் வெகுதூரம் இருக்கும்.

ரைபிள் தோட்டா இன்னொரு ரகம். குறி தவறினால் அது 3 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. அலாஸ்காவில் பின்னால் மலைச்சரிவு இருக்கும், தோட்டா மண்ணில் புதைந்துவிடும். நம் தோட்டத்தில் பின்னால் என்ன இருக்கிறது? அடுத்த நிரையில் குலை வெட்டுகிறவர், லயத்து வீடுகள், தமிழ்ப்பள்ளி, கோயில், கம்பத்துச் சாலை. சமதரையில் நின்று ரைபிளால் சுடும்போது அத்தனையும் குறிக்குள் வந்துவிடுகிறது. தீபகற்பத்தில் ரைபிளை எளிதில் தராததற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஸ்கோப் காட்டுவதும் மறைப்பதும்

கடைகளில் அதிகம் விற்பது 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி உள்ள ஸ்கோப். 9 மடங்கு என்றதும் வாங்குபவருக்கு ஆசை வருகிறது. ஆனால் அந்த அளவில் 100 மீட்டருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும் பரப்பின் அகலம் 4 மீட்டர் அளவுதான். 20 மீட்டரில் ஒரு மீட்டருக்கும் குறைவு. எதிரே நிற்கும் பன்றி முழுதாகத் தெரியாது. கறுப்பு மயிர் மட்டும் தெரியும். அது பன்றியின் முதுகா, குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும் ஒருவரின் சட்டையா?

வெளிச்சத்துக்கும் கணக்கு உண்டு. முன்கண்ணாடியின் அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 40ஐ 9ஆல் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஆகவே அந்திநேரத்தில் மடங்கைக் கூட்டக் கூட்டக் காட்சி மங்கும். அதனால்தான் அடர்ந்த காட்டில் கிட்டத்தில் சுடுகிறவர்கள் 1 முதல் 4 மடங்கு வரையிலான சிறிய ஸ்கோப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பலர் ஸ்கோப்பே இல்லாமல் சுடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று. ஸ்கோப் குறி பார்ப்பதற்கு. எதிரே இருப்பது என்ன என்று கண்டுபிடிப்பதற்கு அல்ல. ஸ்கோப் வழியாகத் தேடுகிறவர், தேடும் ஒவ்வொன்றின் மீதும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருக்கிறார். தேடுவதற்குத் தொலைநோக்கி இருக்கிறது. உடல் வெப்பத்தைக் காட்டும் புதுக் கருவிகளும் இந்த இடத்தில் கைகொடுக்காது. வெப்பம் இருக்கிறது என்று அவை சொல்லும். அது யாருடைய வெப்பம் என்று உறுதியாகச் சொல்லாது.

தலைவிளக்கின் வெளிச்சம்

பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்ட செய்தி இந்நாட்டு நாளிதழ்களுக்குப் புதியதல்ல. சுடப்படுபவர் பல நேரம் வேட்டைக்குக் கூட வந்தவராகவே இருப்பார். கவனக்குறைவால் உயிர்போனால் குற்றவியல் சட்டத்தின் 304(ஏ) பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. ஆனால் அண்ணனைச் சுட்ட தம்பிக்கு நீதிமன்றம் தரும் தண்டனையா பெரிது?

பால்வெட்டுக் குடும்பங்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரைக்கு நிரை குனிந்து நிமிர்ந்து போனவர்கள் நம் தாத்தா பாட்டிகள். இன்று அதே நிரைகளில் நம்மோடு வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் வேலை செய்கிறார்கள். இருட்டில் அசையும் ஒரு நிழல், மின்னும் ஒரு புள்ளி என்றால் அது விலங்கின் கண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. துப்பாக்கி பிடிப்பவரும் நம் ஆள், எதிரே வருபவரும் நம் ஆள் என்ற நிலையில் கடையில் எந்த ஸ்கோப் நல்லது என்பது இரண்டாவது கேள்விதான்.

பன்றி ஏன் பெருகியது?

நெகிரி செம்பிலான் பாசோ காட்டில் 1990களில் எடுத்த கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 27 முதல் 47 பன்றிகள் வரை இருப்பது தெரிந்தது. உலகில் மிக அடர்த்தியாகக் காட்டுப்பன்றி வாழ்ந்த இடங்களில் அது ஒன்று. ஆய்வாளர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. பன்றியைத் தின்னும் புலி அந்த இடத்தில் இல்லை. சுற்றிலும் உள்ள செம்பனைத் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கிறது. காட்டில் பதுங்கி, தோட்டத்தில் சாப்பிட்டு, மீண்டும் காட்டில் குட்டி போடுகிறது பன்றி.

இப்படிப் பார்த்தால் சில துப்பாக்கிகளால் தீரும் கணக்கல்ல இது. இன்னொரு பக்கம், நாட்டில் 150க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் புலிகளுக்குப் பன்றிதான் முக்கிய இரை. 2021இல் சபாவில் தொடங்கிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தீபகற்பத்துக்கும் பரவியபோது அந்த இரையும் குறைந்தது. ஓரிடத்தில் தொல்லை, இன்னோரிடத்தில் பற்றாக்குறை. அதனால்தான் கண்ட இடத்தில் சுடலாம் என்று அரசாங்கம் விட்டுவிட முடியவில்லை.

செய்யக்கூடியவை

முதலில், இளங்கன்றைச் சுற்றிக் கம்பி வலை. செலவு உண்டு, ஆனால் மரம் தேறும்வரை மட்டும்தான். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடும் வேலி வேண்டாம். அதில் சிக்கி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். முறைப்படி விற்கும் மின்வேலி விட்டுவிட்டுத் துடிக்கும் குறைந்த அளவு மின்சாரத்தில் இயங்குவது, இரண்டும் ஒன்றல்ல.

அடுத்து, தொல்லை அதிகமென்றால் பெர்ஹிலித்தானிடம் புகார். தனியாள் போவதைவிட அக்கம்பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்து, சேதத்தைப் படமெடுத்து, எழுத்தில் கொடுப்பது நல்லது. சுடுவதுதான் வழி என்று முடிவானால் உரிமமுள்ள, பயிற்சியுள்ள ஒருவரிடம் விடுங்கள். எந்த இரவு, எந்தப் பகுதி என்று மண்டோருக்கும் லயத்துக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்த நிரைகளில் ஆள் இருக்கக்கூடாது. செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் கால்நடை இலாகாவுக்குச் சொல்ல வேண்டும்.

உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலங்கின் தலை, உடல், கால் மூன்றும் தெளிவாகத் தெரிந்து, அதன் பின்னால் மண்மேடு இருக்கிறது என்று உறுதியானால் மட்டுமே விரல் விசைக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் பன்றி பிழைத்துப் போகட்டும். நாளைக்கும் அது வரும். போன உயிர் வராது.