நீதிமானாக்கப்படுதல்: கடவுளுக்குத் தவணை கட்ட வேண்டாம்!

"தசமபாகம் பாக்கி வைத்தால் வீட்டில் நோய் வரும்" என்று பயமுறுத்துகிற ஊழியர்களுக்கும், அதை நம்பிக் கடன் வாங்கிக் காணிக்கை போடுகிற விசுவாசிகளுக்கும் ஒரு வார்த்தை சரியாகப் புரிந்தால் போதும்... நீதிமானாக்கப்படுதல்.

அது கோர்ட்டு வார்த்தை. 'இவன் நீதிமான்' என்று நீதிபதி சொல்லும் தீர்ப்பு. கூண்டில் நிற்பவன் யோக்கியன் என்பதால் அல்ல, கிறிஸ்து அவனுக்காக மரித்ததால்.

ரோமர் 4-ம் அதிகாரத்தில் பவுல் இதற்குக் கணக்குப் புத்தகத்தையே திறக்கிறார். அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் 'லோகிசோமாய்' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கணக்கில் வரவு வைப்பது என்றும் பொருள் உண்டு. வேலை செய்தவனுக்குச் சம்பளம் தருவது முதலாளியின் கடமை. ஆபிரகாமுக்கு வரவு வைக்கப்பட்டதோ சம்பளமே இல்லை, இலவசம்! இலவசத்துக்குத் தவணை ஏது?

இந்த வியாபாரம் புதுசும் இல்லை. 1517-ல் ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். சட்டப்படி அது தண்டனைக் குறைப்பு மட்டும்தான், ஆனால் ஜனங்கள் மன்னிப்பு என்றே நினைத்து வாங்கினார்கள். பணத்தில் பாதி ரோமில் பேதுரு ஆலயம் கட்ட, மீதி மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் ஃபுக்கர் வங்கியில் வாங்கிய கடனை அடைக்க. லூத்தர் கொதித்தது இதைப் பார்த்துத்தான்.

உடனே 'இது கத்தோலிக்கர் தப்பு' என்று கைதட்ட வேண்டாம். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன. கடவுள் ஏற்றுக்கொள்வது கிருபையால்தான், மனிதனின் தகுதியால் அல்ல என்று இருவரும் சேர்ந்தே சொல்லிவிட்டார்கள். சண்டை போட்டவர்களே ஒத்துக்கொண்ட பிறகும், லூத்தர் பெயரைச் சொல்லும் சில மேடைகளில் சீட்டு விற்பனை மட்டும் நிற்கவில்லை. பெயர்தான் மாறியிருக்கிறது: 'விதைக் காணிக்கை'!

"அப்படியானால் இஷ்டத்துக்குப் பாவம் செய்யலாமா?" என்று கேட்பார்கள். பவுல் ரோமர் 6-ல் கூடவே கூடாது என்கிறார். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. நற்செயல் என்பது மரத்தில் காய்க்கும் பழம். பழத்தைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டால் பட்ட மரம் பிழைக்குமா?

காணிக்கை கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். நன்றியாகக் கொடுங்கள், அபராதமாக அல்ல. பிள்ளையின் காய்ச்சலைக் காட்டி வசூல் செய்கிறவர் விற்பது சுவிசேஷம் இல்லை.