தாம்போதியில் எத்தனை அடி தண்ணீர்?

2024 நவம்பர் 26ஆம் திகதி. பின்னர் ஃபெங்கால் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் கிழக்குக் கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்தது. காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி ஊடாக அம்பாறைக்குப் போகும் வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்தது. நிந்தவூர் மதரஸா ஒன்றில் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் சம்மாந்துறையிலுள்ள தங்கள் வீடுகளுக்குத் திரும்பும் வழியில், உழவு இயந்திரப் பெட்டியொன்றில் ஏறி அந்த வெள்ளத்தைக் கடக்க முயன்றார்கள். தண்ணீர் அதைப் புரட்டி இழுத்துச் சென்றது. சிலரை உயிரோடு மீட்டார்கள். மற்றவர்களின் ஜனாஸாக்களை வயல்வெளித் தண்ணீருக்குள் நாட்கணக்கில் தேட வேண்டியிருந்தது.

நான் சம்மாந்துறைக்காரி. ஆற்றோட்டத்தையும் வெள்ளத்தையும் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது என் தொழில். யார் பொறுப்பு என்ற பேச்சு அன்றிலிருந்து ஊரெல்லாம் நடந்தது; நடக்கத்தான் வேண்டும். அதற்கும் முந்திய கேள்வி ஒன்று என்னை விடாமல் பிடித்திருக்கிறது. அந்த மாலையில் வீதிக்கு மேல் எத்தனை அடி தண்ணீர் நின்றது, எவ்வளவு வேகத்தில் அது ஓடியது, எந்த மட்டத்தில் அந்த வீதியை மூடியிருக்க வேண்டும்? இதற்கு விடை காண்பதற்கான கணக்கு நூறாண்டுகளுக்கு மேலாக உலகத்தின் கையில் இருக்கிறது. அதை ஏன் வெள்ளம் மேவிப் பாயும் நம்முடைய தாம்போதிகளுக்குப் போட்டு, ஒரு தூணில் எழுதி வைக்கக் கூடாது?

கணக்கைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். வெள்ளம் ஒரு வீதியைக் குறுக்கே மேவும்போது அந்த வீதியே குளத்து வான் போல வேலை செய்யத் தொடங்குகிறது. மேற்பக்கத்தில் தேங்கிய நீர் வீதியின் முகட்டுக்கு மேல் அரை மீற்றர் உயரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். கீழ்ப்பக்கம் தடையில்லாமல் வடிந்தால், வீதியின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் செக்கனுக்கு ஏறத்தாழ 0.6 கன மீற்றர், அதாவது 600 கிலோ தண்ணீர் கடக்கும். வீதியின் மேலே அந்த நீரின் ஆழம் 33 சென்ரிமீற்றர்தான் இருக்கும். வளர்ந்த ஒருவரின் முழங்காலுக்கும் எட்டாத தண்ணீர். ஆனால் அது செக்கனுக்கு 1.8 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது.

அவுஸ்திரேலியாவின் வெள்ள வழிகாட்டி நூல்கள் ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கி ஆபத்தை அளக்கின்றன. அந்தப் பெருக்கம் 0.3ஐத் தாண்டினால் சிறிய வாகனங்களுக்குப் பாதுகாப்பில்லை. 0.6ஐத் தாண்டினால் எந்த மனிதருக்கும் எந்த வாகனத்துக்கும் பாதுகாப்பில்லை. நாம் இப்போது போட்ட கணக்கு 0.6இல் வந்து நிற்பதைக் கவனியுங்கள். உழவு இயந்திரத்தின் பெரிய சில்லைப் பார்த்து எல்லோரும் நம்புகிறோம். சில்லு பெரிதுதான், பின்னால் இழுபடும் பெட்டி இலேசானது, பக்கவாட்டில் அகலமானது, தண்ணீர் அதைத் தூக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. வாப்பா அரை நூற்றாண்டாக வட்டைக்குள் கிடந்தவர். “தண்ணி ஏறக்குள்ள பயமில்ல மகள், வடியக்குள்ளதான் இழுக்கும்” என்பார். பல்கலைக்கழகத்தில் நான் படித்த சமன்பாடு அதையே சொல்கிறது. ஆற்றுவாய் மணலால் மூடிக் கிடக்கும்போது தாம்போதியின் இரண்டு பக்கமும் நீர் ஏறி நிற்கும். ஆழம் கூடுதல், ஓட்டம் மெது. மண்வெட்டியோ இயந்திரமோ கொண்டு முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகு கீழ்ப்பக்க மட்டம் விழும். வீதியின் மேலுள்ள ஆழமும் குறையத் தொடங்கும். பார்ப்பவர் வெள்ளம் வடிகிறது, இனிப் போகலாம் என்று நினைப்பார். ஓட்டம் வேகம் பிடிப்பது சரியாக அப்போதுதான். ஆகவே மழையை மட்டும் பார்த்து வீதியை மூடுவதும் திறப்பதும் போதாது. எந்த வாய் எப்போது வெட்டப்படுகிறது என்ற செய்தி தாம்போதியில் நிற்கும் பொலிஸ்காரருக்கும் வந்து சேர வேண்டும்.

மாவடிப்பள்ளி ஒன்றைச் சொன்னேன். கிட்டங்கியை அறியாதவர் கல்முனையில் இல்லை. மாரி வந்தால் அந்தத் தாம்போதி நீரில் மூழ்கும். நற்பிட்டிமுனைக்கும் சவளக்கடைக்கும் இடையே ஆசிரியர்களும் விவசாயிகளும் தோணியையும் உழவு இயந்திரத்தையும் நம்பிக் கடப்பார்கள். ஆற்றுவாழை திரண்டு வந்து பாலத்தின் கண்களை அடைக்கும். ஓடும் நீருக்கு வாய்க்காலின் அடியும் கரையும் தரும் தடையை ஒரு எண்ணாக எழுதிக் கணக்கிடும் முறையை அயர்லாந்துப் பொறியியலாளர் ரொபர்ட் மானிங் 1889இல் முன்வைத்தார். துப்புரவான வாய்க்காலுக்கு அந்த எண் 0.03 அளவில் இருக்கும். செடிகொடி அடைத்த வாய்க்காலுக்கு 0.1 வரை போகும். ஒரே சரிவு, ஒரே ஆழம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு நீர்தான் போகும். ஒக்டோபரில் ஆற்றுவாழையை வாருவதற்கும் டிசம்பரில் வாருவதற்கும் உள்ள வேறுபாடு இந்த எண்ணில் இருக்கிறது.

அமெரிக்க இராணுவப் பொறியியல் படை உருவாக்கிய ஹெக்-ராஸ் என்ற மென்பொருள் 1995 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. 2016 முதல் அது வெள்ளம் நாலா பக்கமும் பரவுவதையும் கணக்கிடுகிறது. நமது கரைக்கு அதுதான் வேண்டும், ஏனென்றால் இங்கே வெள்ளம் ஆற்றுக்குள் அடங்கி ஓடுவதில்லை. கல்லோயா, நம் மூத்தவர்கள் சொல்லும் பட்டிப்பளை ஆறு, மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக்கு வந்ததும் பல கிளையாகப் பிரிந்து வயலெல்லாம் பரவுகிறது. களியோடை வழியாகவும் தோணாக்கள் என்னும் கரையோர ஓடைகள் வழியாகவும் வடக்கே மட்டக்களப்பு வாவி வழியாகவும் கடலைத் தேடுகிறது. இடையில் கடலுக்குச் சமாந்தரமாக ஏ4 நெடுஞ்சாலை நீண்ட அணையாகக் கிடக்கிறது. அதன் ஒவ்வொரு மதகும் ஒரு கதவு. அதன் கிழக்கே மணல் மேட்டில் நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகள். மேற்கே நிரப்பப்பட்டு வளவாகிவரும் வயல்கள்.

மென்பொருள் இலவசம். நிலத்தின் உயரம் இலவசமாக வராது. பலர் பாவிக்கும் உயர வரைபடம் 2000 பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ராடார் கொண்டு எடுத்தது. முழு உலகத்துக்கும் அது பெரிய கொடை. ஆனால் அதன் உயரப் பிழை பல மீற்றர் வரை போகும். தென்னந்தோப்பு இருக்கும் இடத்தில் நிலத்தை விட்டுவிட்டு ஓலையின் உயரத்தையும் சேர்த்துக் காட்டும். சாய்ந்தமருதிலோ காரைதீவிலோ ஒரு வளவு மூழ்குமா தப்புமா என்பது அரை மீற்றரில் தீர்மானமாகிறது. அப்படிப்பட்ட வரைபடத்தை வைத்து ஓட்டிய மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன். வண்ணம் அழகாக இருக்கும். வீதியின் மேடு அதில் இருக்காது, மதகு இருக்காது, தோணா இருக்காது. வெள்ளம் ஏ4 வீதியை இல்லாததுபோல் கடந்து நேரே கடலுக்குப் போகும். அந்தப் படத்தை நம்பி மதகுக்கு அளவு குறித்தால் விளைவை யார் சுமப்பது?

ஆகவே மட்டக்கருவியோடு இறங்கி அளக்க வேண்டும். எந்த வீதி, எத்தனை மதகு, எந்த மதகின் அடியில் எவ்வளவு மண். பிறகு பழைய வெள்ளங்களைக் கேட்டுக் குறிக்க வேண்டும். 2011 ஜனவரி வெள்ளம் வீட்டுச் சுவரில் எதுவரை ஏறியது என்று எந்த உம்மாவும் கையை வைத்துக் காட்டுவார். 2024இன் கறை இன்னும் பல சுவர்களில் இருக்கிறது. கணினி சொல்லும் மட்டத்தை அந்தக் கறையோடு ஒப்பிட்டுத் திருத்தாத மாதிரியை எந்த முடிவுக்கும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நீரைவிடக் கடினமானது மணல். பேரறிஞர் ஐன்ஸ்டீனின் மூத்த மகன் ஹான்ஸ் ஆல்பர்ட், ஆற்றடியில் மணல் எப்படி உருண்டு போகிறது என்பதையே வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர். 1950இல் அவர் வெளியிட்ட கணக்கு முறையை இன்றும் படிக்கிறோம். அதற்குப் பின் எத்தனையோ சூத்திரங்கள் வந்தும், ஒரே ஆற்றுக்கு இரண்டு சூத்திரம் பல மடங்கு வேறுபட்ட விடை தருவது சாதாரணம். அளந்து பார்க்காமல் மணலைக் கணிக்க முடியாது.

இதற்கு ஒலுவிலைவிட வேறு சாட்சி நமக்கு வேண்டாம். துறைமுக அமைச்சராக இருந்த மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களின் கனவான ஒலுவில் துறைமுகம், டென்மார்க்கின் நிதியுதவியோடு 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறக்கப்பட்டது. நமது கரையில் அலைகள் மணலை ஆண்டின் ஒரு பகுதி வடக்கே தள்ளும், இன்னொரு பகுதி தெற்கே தள்ளும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் மிச்சம். கடலுக்குள் நீண்ட கல்லணை அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கில் மணல் சேர்ந்தது, துறைமுக வாயில் மணல் மூடிப் படகுகள் உள்ளே வரவும் வெளியே போகவும் முடியாமல் போனது, வடக்கே ஒலுவில் கிராமத்தின் கரை அரிந்து தென்னைகளும் காணிகளும் கடலோடு போயின. தோண்டிய மணல் மீண்டும் வந்து மூடுகிறது. என் மாமா அங்கே தோணி வைத்திருந்தவர். கடலின் போக்கு அவருக்குத் தெரியும். எந்த மாதம் மணல் எந்தப் பக்கம் போகும் என்பது அவர் வயிற்றுப்பாட்டோடு கலந்த அறிவு.

இந்தக் கரை ஏற்கனவே பசித்த கரை. 1949இல் தொடங்கி இங்கினியாகலையில் கட்டிய அணை, சேனநாயக்க சமுத்திரத்தைத் தந்தது. நம் வயல்களின் உயிர் அதுதான். ஆறு கொண்டுவந்த மணலும் அந்த அணைக்குப் பின்னால்தான் படிகிறது. கீழே வரும் கொஞ்சத்தையும் ஆற்று மணல் அகழ்வு அள்ளிக்கொள்கிறது. கடலின் வற்றுப்பெருக்கு இங்கே ஒரு மீற்றருக்கும் குறைவு, அதனால் ஆற்றுவாயை அதனால் திறந்து வைத்திருக்க முடிவதில்லை. கோடையில் அலை கட்டும் மணல் மேடு மாரி வெள்ளம் வந்து முட்டும் வரை அப்படியே கிடக்கும். சாய்ந்தமருது தோணாவை ஒவ்வொரு வருடமும் அவசரத்தில் வெட்டுகிறோம். வெட்டும் நாளில் மேடு எவ்வளவு உயரம், எத்தனை மீற்றர் அகலம் வெட்டினோம், எத்தனை மணி நேரத்தில் அது தானாக அகன்றது என்று எழுதி வைத்திருந்தால், இன்று நம்மிடம் எந்த வெளிநாட்டு நிபுணரிடமும் இல்லாத பதிவேடு இருந்திருக்கும்.

சாதாரண விவசாயியிடம் இதையெல்லாம் ஒப்படைக்க முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கல்லோயாவின் இடது கரையைப் பாருங்கள். 1980களில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே விவசாயிகள் அமைப்புகளை உருவாக்கின. தலைப்பக்கத்தில் சிங்கள விவசாயிகள், வால்பக்கத்தில் தமிழ் பேசும் விவசாயிகள். நீர்த் தட்டுப்பாட்டில் மேலேயிருந்தவர்கள் கீழே உள்ளவர்களுக்காகத் தண்ணீரை விட்டார்கள். கோர்னெலின் பேராசிரியர் நோர்மன் அப்ஹோஃப் 1992இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். உலகமெங்கும் நீர்ப்பாசன மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். வரட்சியில் நீரைப் பகிரத் தெரிந்த மக்களுக்கு வெள்ளத்தில் ஒரு அளவுகோலை வாசிக்கவா தெரியாது?

நான் கேட்பது இவ்வளவுதான். மாவடிப்பள்ளியிலும் கிட்டங்கியிலும் தாம்போதியின் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் அடி குறித்த தூண் நட வேண்டும். மேற்பக்க நீர் வீதிக்கு மேல் ஒரு அடியைத் தொட்டதும் சிறிய வாகனங்களை நிறுத்தும் மஞ்சள் கோடு. ஒன்றரை அடியில் எல்லோரையும் நிறுத்தும் சிவப்புக் கோடு. சிவப்பைத் தொட்டால் யாருடைய தயவும் பாராமல் சங்கிலி விழ வேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் பொறியியல் பீடம் இருக்கிறது. அதன் மாணவர்கள் ஒவ்வொரு செப்டெம்பரிலும் முகத்துவாரங்களையும் மதகுகளையும் அளந்து மாதிரியைப் புதுப்பிக்கட்டும். வெள்ள வரைபடம் தமிழில் அச்சாகிப் பள்ளிவாசல் சுவரிலும் பாடசாலையிலும் ஒட்டப்படட்டும். எச்சரிக்கை மட்டத்தை அறிவிக்க ஒலிபெருக்கி எல்லா ஜும்ஆப் பள்ளிகளிலும் இருக்கிறது.

பெரும்போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் பொறியியலாளரும் பிரதேச செயலாளரும் வட்டவிதானைமாரும் ஒரே மேசையில் இருக்கிறார்கள். விதைப்புத் திகதியும் நீர் விடும் திகதியும் அங்கே தீர்மானமாகிக் கூட்ட அறிக்கையில் ஏறுகின்றன. முகத்துவாரம் வெட்டும் மட்டமும், வெட்டினால் முதலில் அறிவிக்க வேண்டியவரின் பெயரும், தாம்போதிகளை மூடும் மட்டமும் அதே அறிக்கையில் ஏற வேண்டும். வரும் கூட்டத்திலேயே.