நிபந்தனை பணத்துக்கு மட்டுமே

அண்மையில் கான்சாபுரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஏழாம் மாதத்தில் முதன்முறையாகப் பரிசோதனைக்கு வந்தார். ஹீமோகுளோபின் அளவு 6 கிராம். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். "மூணாவது பிள்ளைக்குக் காசு கெடையாதுன்னு சொன்னாக. அதான் பேரு பதியாம இருந்துட்டேன், டாக்டர்" என்றார்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் தமிழகத்தில் 1987-இல் தொடங்கப்பட்டது. அப்போது உதவித்தொகை 300 ரூபாய். அது 2006-இல் 6,000 ஆகவும், 2011-இல் 12,000 ஆகவும், 2018-இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. இதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்கில் சேரும். எஞ்சிய 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் வழங்கப்படும். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே உதவி. முன்பதிவு, பரிசோதனைகள், அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி ஆகியவை நிபந்தனைகள். மெக்சிகோ 1997-இலும், பிரேசில் 2003-இலும் இதே வகைத் திட்டங்களைத் தேசிய அளவில் கொண்டுவந்தன.

இத்தொகையை ஏழைக் குடும்பங்கள் எவ்வாறு பார்க்கின்றன? 'காசுக்காகத்தான் வருகிறார்கள்' என்று சிலர் ஏளனமாகக் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். அது உண்மையன்று. வத்திராயிருப்பு வயல்களில் நாற்று நடுபவருக்கும், இராஜபாளையம் நூற்பாலையில் வேலை செய்பவருக்கும் ஒரு பரிசோதனை என்பது ஒரு நாள் கூலியின் இழப்பு. உடன் வருபவருக்கும் அதே இழப்பு. அவர்கள் கணக்கில் இப்பணம் இலவசமன்று. இழந்த கூலியின் ஒரு பகுதி திரும்பி வருவதே. வரிசையில் நிற்பதும், ஆதாரில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் ஒத்துப்போகாமல் அலைவதும் அவர்கள் செலுத்தும் மறைமுக விலை.

நிபந்தனைகளைப் பெரும்பாலோர் வெறுப்பதில்லை. "டாக்டரே வரச் சொல்லியிருக்கிறார், பணமும் வரும்" என்று சொல்லி மாமியாரிடம் அனுமதி பெறும் மருமகள்களை நான் அறிவேன். அவ்வகையில் நிபந்தனை பெண்ணுக்குத் துணை நிற்கிறது. ஆனால் தகுதியற்றவள் என்று ஒருத்தி ஒதுக்கப்படும்போது, மருத்துவமனையே தன்னை ஒதுக்கிவிட்டதாக அவள் எண்ணுகிறாள். மூன்றாம் முறை கருவுற்றவரும் 19 வயது நிறையாதவருமே அதிக ஆபத்தில் இருப்பவர்கள். கவனிப்பு மிகவும் தேவைப்படுபவரை விலக்கும் இந்த விதி மறுபரிசீலனைக்குரியது என்பது என் கருத்து. குறைந்தபட்சம் ஊட்டச்சத்துப் பெட்டகமாவது அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

விதி மாறும்வரை ஒன்றை மனத்தில் இருத்துங்கள். நிபந்தனை பணத்துக்கு மட்டுமே, சிகிச்சைக்கு இல்லை. எத்தனையாவது குழந்தையானாலும், எந்த வயதானாலும், அரசு மருத்துவமனைகளில் பரிசோதனை, மருந்து, இரத்தம், பிரசவம், அறுவை சிகிச்சை அனைத்தும் இலவசம்.

நாள் தள்ளியதும், 12 வாரங்களுக்குள், உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண்ணைப் பெறுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவை. தாயின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கட்டும். அண்டை வீட்டில் பதியாத கர்ப்பிணி இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள்.

அந்தத் தாய்க்கு இரத்தம் ஏற்றினோம், நலமாகப் பிரசவித்தார். மூன்றாம் மாதத்திலேயே வந்திருந்தால் மாத்திரையே போதுமானதாக இருந்திருக்கும்.