உடுக்கை நழுவும் கணம்

நட்புக்கு இலக்கணம் சொல்ல வந்த வள்ளுவர், உவமை தேடி நெடுந்தூரம் செல்லவில்லை. ஆடை நழுவுகையில் எவரும் ஏவாமலே விரையும் கையைக் காட்டி, நண்பனின் துயர் களைவதும் அத்தகையதே என்றார். 788ஆம் குறள். பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற அக்குறளின் பொருள், சென்ற கோடையில் ஒரு நீர்ப்பூங்காவில்தான் எங்களுக்கு முழுமையாக விளங்கிற்று.

அலைக்குளத்தில் பேரலையொன்று வந்து தணிந்ததும், பதினாறு வயதிருக்கும் பையன் ஒருவன் கழுத்தளவு நீரில் அசையாமல் நின்றான். வாடகைக்கு எடுத்த அரைக்கால்சட்டை எங்கோ போயிருந்தது. கரையில் சிரிப்பு, ஓரிருவர் கைபேசியை உயர்த்தினர். முன்பின் அறியாத மூதாட்டி ஒருவர், "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்கப்பா" என்று அதட்டிவிட்டு, தம் துண்டை ஒரு சிறுவனிடம் கொடுத்தனுப்பினார். வள்ளுவர் சொன்ன கை அதுவே.

இத்தகைய இக்கட்டுகளில் பெரும்பாலானவை தவிர்க்கத்தக்கவை. பருத்தி, நீரை உறிஞ்சிக் கனத்து இடுப்பிலிருந்து இறங்கும். குளோரின், நீச்சலுடையிலுள்ள ஸ்பான்டெக்ஸ் இழையை நாளடைவில் தளர்த்தும். ஆகவே குளித்தவுடன் நல்ல நீரில் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும். எலாஸ்டிக்கை மட்டும் நம்பாமல், நாடாவும் உள்ள உடையைத் தேர்ந்து இறுக முடிச்சிடுவது நன்று. வீட்டிலேயே அதை அணிந்து, கைகளை உயர்த்தியும் குனிந்தும் குதித்தும் பார்த்துவிடலாம். சறுக்கின் அடியில் விழுந்தவுடன் எழுந்து நிற்காமல், நீருக்குள்ளேயே உடையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதையும் மீறி நழுவிவிட்டால், பதறிக் கரையேறலாகாது. நீருக்குள்ளேயே நின்று, உடன் வந்தவரையோ உயிர்காப்பாளரையோ அழைத்துத் துண்டு கேட்பதே முறை.

ஆயினும், அறிவுரை முழுவதையும் ஆடை இழந்தவருக்கே வழங்குவது நியாயமன்று என்பது எங்கள் கருத்து. துணி நழுவுவது தற்செயல். அதைப் படமெடுப்பது தற்செயலன்று. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றி வேண்டுமென்றே படம்பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றம். 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த இப்பிரிவு, 3 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. பொது இடம் என்பது இங்கே சாக்காகாது. அதையும் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.

பூங்கா நடத்துவோருக்கும் கடமையுண்டு. தொய்ந்த எலாஸ்டிக் உள்ள உடைகளை வாடகைக்குத் தரலாகாது. உயிர்காப்பாளரின் இருக்கையருகே சில துண்டுகள் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகிவிடாது.

அந்தப் பையன் அதன்பின் நீரில் இறங்கவேயில்லை. மாலைவரை சுவரோரம் அமர்ந்திருந்தான். அவனை அங்கே அமர்த்தியது அலையன்று, சிரிப்பு. அடுத்த கோடையில் நீர்ப்பூங்கா செல்வோர் ஒரு துண்டு மிகையாகவே எடுத்துச் செல்லுங்கள். நமக்குத் தேவைப்படாவிடினும் பிறருக்கு உதவக்கூடும்.